இழந்த ரொட்டி: பிரெஞ்சு டோஸ்டின் பெயர்களும் முட்டையும்

2003 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உணவகங்களில் இரண்டு பண்டங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. ஈராக் போரைப் பிரான்சு எதிர்த்ததில் சினம் கொண்ட உறுப்பினர்கள் சிலரின் முயற்சியால் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆயிற்று. 'பிரெஞ்சு டோஸ்ட்' 'ஃப்ரீடம் டோஸ்ட்' ஆயிற்று. 2006இல் ஆரவாரமின்றிப் பழைய பெயர்கள் திரும்பின. இந்நிகழ்ச்சி உலகெங்கும் நகைப்புக்கு உள்ளானது. ஆனால் அதில் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. பிரான்சில் இப்பண்டத்தைப் 'பிரெஞ்சு' என்று எவரும் அழைப்பதில்லை. அங்கே அதன் பெயர் 'பான் பெர்தூ', அதாவது இழந்த ரொட்டி. பிரான்சின் மீது காட்டிய கோபம், பிரான்சுக்குத் தெரியாத ஒரு பெயரின் மீது இறங்கியது.

அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை வழங்குகிறது. 1724இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஜோசப் பிரெஞ்சு என்ற விடுதிக்காரர் இதைக் கண்டுபிடித்தாராம். உடைமைக் குறியை இடத் தெரியாமல் தம் பெயரை அப்படியே பண்டத்துக்கு வைத்துவிட்டாராம். சொற்பிறப்பு பற்றிய புனைகதைகளுக்கு உரிய எல்லா இலக்கணமும் இதில் பொருந்தியிருக்கிறது: ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு தனிமனிதர், ஓர் எழுத்துப்பிழை. இவ்வளவு துல்லியமே ஐயத்தை எழுப்ப வேண்டும். கதையை வீழ்த்த நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. 1660இல் இலண்டனில் வெளியான ராபர்ட் மேயின் சமையல் நூலிலேயே 'பிரெஞ்சு டோஸ்ட்ஸ்' என்ற தலைப்பு இருக்கிறது.

அத்தலைப்பின்கீழ் உள்ள குறிப்பு இன்னும் சுவையானது. அதில் முட்டை இல்லை, பாலும் இல்லை. பிரெஞ்சு ரொட்டியைத் தடித்த துண்டுகளாக அரிந்து, இரும்புக் கம்பித்தட்டில் சுட்டு, மதுவில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்துப் பரிமாற வேண்டும். இங்கே 'பிரெஞ்சு' என்ற அடைமொழி சமையல் முறையைச் சுட்டவில்லை, ரொட்டியின் வகையையே சுட்டுகிறது என்று கொள்வதே பொருத்தம். 'பிரெஞ்சு ரொட்டி' என்பது அக்கால இங்கிலாந்தில் ஒருவகை மென்மையான வெள்ளை ரொட்டிக்கு வழங்கிய பெயர். தொடரின் நடுச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சுவது மொழிகளில் இயல்பாக நிகழ்வது. பிற்காலத்தில் அதே பெயர், முட்டைப்பாலில் தோய்த்த வேறொரு பண்டத்தின் மேல் போய் அமர்ந்துகொண்டது.

'டோஸ்ட்' என்ற சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. உலர்த்துதல், வறுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை 'தொர்ரேரெ'. அதன் எச்ச வடிவம் 'தோஸ்தும்'. அதிலிருந்து பழம்பிரெஞ்சு வழியாக ஆங்கில 'டோஸ்ட்' வந்தது. அதே வினையிலிருந்து பிறந்த மற்றொரு கிளை ஸ்பானியத்தில் 'தொர்ரிஹா' ஆயிற்று; அதுவும் இதே பண்டத்தின் பெயர்தான். வறட்சியைக் குறிக்கும் அந்த இந்தோ-ஐரோப்பிய வேரின் கீழைக் கிளையிலேயே வேட்கையைக் குறிக்கும் 'திருஷ்ணா' என்ற வடசொல் நிற்கிறது. புத்தர் அறுக்கச் சொன்ன தாகமும் காலையுணவுத் தட்டில் இருக்கும் ரொட்டியும் ஒரே குடும்பத்தவை.

இப்பண்டத்தின் தொன்மை பற்றி எழுதுவோர் அனைவரும் தவறாமல் செல்லும் இடம் அப்பீகியஸ். கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்றதாகக் கருதப்படும் இந்த இலத்தீன் சமையல் தொகுப்பின் ஏழாம் பகுதியில், இனிப்புகளுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு வருகிறது. வெள்ளை ரொட்டியின் மேற்புறத்தைச் சீவி, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேனை ஊற்றிப் பரிமாறு என்பதே அதன் சாரம். பிரெஞ்சு டோஸ்ட் உரோமானியர் காலத்தது என்ற கூற்று இவ்வொரு குறிப்பையே நம்பி நிற்கிறது. ஆனால் இலத்தீன் மூலத்தில் முட்டை இல்லை. 1936இல் சமையற்கலைஞர் ஜோசப் வேலிங் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அடித்த முட்டை நுழைகிறது. அதையும் அவர் பகர அடைப்புக்குள்தான் இட்டார். தம் சேர்க்கை என்பதை மறைக்கவில்லை. பின்னால் எடுத்தாண்டவர்கள் அடைப்புக்குறியை உதிர்த்துவிட்டு முட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பதிப்பாசிரியரின் ஊகம் இருபது முப்பது ஆண்டுகளில் உரோம வரலாறாக மாறிவிட முடியும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மூலபாடத் திறனாய்வு பயில்வோர் வகுப்பறையில் வைத்துப் பேசத்தக்க முட்டை இது.

முட்டை ஐயத்துக்கிடமின்றி வருவது இடைக்காலத்தில். இங்கிலாந்தின் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில் 'பெயின் பர்தூ' என்னும் பெயரில், பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலச் செவி கேட்டபடி எழுதிய வடிவத்தில், ஒரு செய்முறை இருக்கிறது. மஞ்சள் கருவைப் பிரித்து வடிகட்டி உப்பிட வேண்டும். வட்டமாக அரிந்த ரொட்டியை அதில் நன்கு நனைத்து, உருக்கித் தெளியவைத்த வெண்ணெயில் பொரித்து, சர்க்கரையைத் தாராளமாகத் தூவ வேண்டும். உருக்கித் தெளிந்த வெண்ணெய் ஏறத்தாழ நெய்யேதான். சட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கையையும் எழுத்தர் மறக்கவில்லை. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தோசைக்கல்லின் முன் நிற்பவர்கள் அஞ்சுவது அதற்கேதான்.

இங்கேதான் பெயருக்கும் பண்டத்துக்கும் இடையே ஒரு முரண் எழுகிறது. 'இழந்த ரொட்டி' என்ற பெயர் வறுமையைப் பேசுகிறது: காய்ந்து கெட்டியாகி, உண்ணத் தகாதது என்று கைவிடப்பட்டதை மீட்டெடுத்தல். செருமானியர் இதை 'ஆர்மெ ரிட்டர்', ஏழை வீரர்கள் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே அப்பெயர் பதிவாகியிருக்கிறது. சுவீடியமும் டேனியமும் ஃபின்னியமும் அதையே தத்தம் மொழியில் பெயர்த்துக்கொண்டன. ஆங்கிலத்தில் 'வின்சரின் ஏழை வீரர்கள்' என்றும் வழங்கிற்று. வின்சர் கோட்டையில் அப்பெயரில் உண்மையாகவே ஓர் அமைப்பு இருந்தது. பிரெஞ்சுப் போர்களில் பகைவர் கையில் சிக்கி, மீட்புப்பணம் கட்டிச் சொத்திழந்த வீரர்களுக்காக மூன்றாம் எட்வர்டு 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவியது. 1833இல்தான் 'ஏழை' என்ற அடை நீக்கப்பட்டு அவர்கள் 'படைவீரர்கள்' ஆக்கப்பட்டார்கள்.

ஆனால் அந்தச் சமையற்குறிப்புகளில் உள்ள பொருள்களைப் பாருங்கள்: சலித்த மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி, முட்டை, தெளிந்த வெண்ணெய், சர்க்கரை. இடைக்கால ஐரோப்பாவின் உழவர் உண்டது கம்புக்கோதுமையும் வாற்கோதுமையும் கலந்த கருரொட்டி. சர்க்கரையோ நறுமணப் பொருள்களோடு வைத்து எண்ணப்பட்ட அரும்பொருள். ஆகவே இவை ஏழைகளின் உணவு அல்ல, ஏழ்மையின் பெயரைச் சூடிய செல்வர் உணவு என்று சில உணவு வரலாற்றாளர்கள் முடிவு கட்டுகிறார்கள். அம்முடிவு பாதி சரி. கையெழுத்துப்படிகள் அனைத்தும் பெருவீடுகளின் அடுக்களையிலிருந்து வந்தவை. கருரொட்டியை மோரிலோ கஞ்சியிலோ நனைத்துத் தின்றவர்களுக்கு எழுத்தர் கிடையாது. பண்டத்தின் செய்முறையைச் செல்வர் எழுதினார்கள். பெயரை யார் வைத்தார்கள் என்பதை அப்பெயரே சொல்கிறது. 'சூப்' என்ற சொல்லும் முதலில் குழம்பைக் குறிக்கவில்லை. குழம்பில் நனைக்க வைத்த ரொட்டித்துண்டையே குறித்தது. காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்ற நெடுங்காலத்தின் எச்சம் அது.

காய்ந்த ரொட்டியே வேண்டும் என்பதில் சிக்கனம் மட்டும் இல்லை, பொருளியல்பும் இருக்கிறது. ரொட்டி கெட்டிப்படுவது ஈரம் வெளியேறுவதால் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1852இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசெங்கோ அது தவறு என்று காட்டினார்: ஈரம் வெளியேறாதபடி மூடிவைத்த ரொட்டியும் கெட்டிப்படுகிறது, மீண்டும் சூடாக்கினால் இளகுகிறது. வேகும்போது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் ஆறியபின் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதே காரணம் என்பது பின்னால் தெளிந்தது. குளிர்பெட்டியில் அவ்வடுக்கல் விரைவாக நிகழும். அதனால்தான் அங்கே வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைவிட முந்திக் கெட்டிப்படுகிறது. இவ்வாறு இறுகிய துண்டு பாலை உறிஞ்சியும் குலையாமல் நிற்கிறது. புதிய ரொட்டியோ கையிலேயே கூழாகிவிடும்.

ஆகவே வீட்டில் செய்ய விழைவோர் முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். ஒருநாள் பழகிய தடித்த துண்டுகள் நான்குக்கு முட்டை இரண்டு, பால் அரைக் கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு, விருப்பம்போல் சர்க்கரையும் ஏலமும் போதும். முட்டையை நன்றாக அடித்துவிட வேண்டும். இல்லையேல் வெண்கரு இழை இழையாக ரொட்டியின்மேல் தனியே வேகும். இருபுறமும் ஊறியபின் நெய்யில், மிதமான தீயில் இடுவது நல்லது. தீ மிகுந்தால் மேற்புறம் கருகி உள்ளே முட்டை பச்சையாகவே நிற்கும். பொன்னிறமும் மணமும் மாவிலும் பாலிலும் உள்ள சர்க்கரை, புரதத்தோடு வெப்பத்தில் கூடுவதன் விளைவு. 1912இல் அதை விளக்கிய லூயி-கமீய் மையார் பெயராலேயே அவ்வினை அழைக்கப்படுகிறது.

வேறுபாடுகளுக்குக் குறைவில்லை. ஸ்பெயினில் தவக்காலத்தில், புலால் விலக்கிய வாரங்களில், ரொட்டியைப் பாலிலோ மதுவிலோ ஊறவைத்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஒரு காலத்தில் அது பிள்ளை பெற்றவளுக்கு உடல்தேறக் கொடுத்த பத்திய உணவும்கூட. போர்ச்சுகலில் அதே பண்டம் கிறிஸ்துமஸ் இரவுக்கு உரியது. ஹாங்காங்கின் தேநீர்க் கடைகளில் இரு துண்டுகளுக்கு நடுவே நிலக்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்து முழுகப் பொரித்து, பாகு ஊற்றித் தருகிறார்கள். அங்கே அதன் பெயர் 'சாய் தோ சி'. பிரான்சைக் குறிக்கும் 'ஃபாட் லான் சாய்' என்ற ஒலிபெயர்ப்பின் கடைசி அசை மட்டும் தங்கியது. அந்த அசைக்குரிய எழுத்தின் பொருள் 'மேற்கு'. ஒரு நாடு தேய்ந்து ஒரு திசையாயிற்று.

இந்தியாவுக்குப் புளித்த மாவில் சுட்ட ஐரோப்பிய ரொட்டி பெரும்பாலும் போர்ச்சுகீசியர் வழி வந்தது. அவர்களது 'பாவ்' என்ற சொல் கோவாவிலும் பம்பாயிலும் அப்படியே நின்றது. ஈழத்தமிழில் அது 'பாண்'. வங்காளத்தில் 'பாவுருட்டி': போர்ச்சுகீசிய ரொட்டிக்குப் பக்கத்தில் உள்நாட்டு ரொட்டி, ஒரே பொருளை இருமுறை சொல்லும் கூட்டுச்சொல். அங்கே தெருவோரத் தட்டுகளில் முட்டையோடு சேர்வது சர்க்கரை அன்று, வெங்காயமும் பச்சைமிளகாயும். ஐதராபாத்தில் பொங்கியெழுந்த ரொட்டி 'டபுள் ரொட்டி' ஆகி, 'டபுள் கா மீட்டா' என்ற திருமண இனிப்பாயிற்று. அதில் வரிசையே தலைகீழ்: முதலில் நெய்யில் பொரித்தல், பிறகு பாலிலும் பாகிலும் ஊறவைத்தல், முட்டை கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிரியாணி விருந்துகளின் ரொட்டி அல்வாவும் இதற்கு உறவு.

இத்தனை எளிதாகப் பரவியதுபோல் தோன்றும் இந்த ரொட்டி இந்தியாவில் எளிதாக உண்ணப்பட்டதல்ல. சுட்டவர் கிறித்தவர் அல்லது முஸ்லிம். பிசைந்ததில் சேர்ந்தது நீர். நீர் சேர்த்துச் சமைத்ததைப் பிறர் கையிலிருந்து வாங்குவது உயர்சாதி இந்துவுக்குச் சாதியை இழப்பதாகும். 1849இல் பம்பாயில் மறைவாகத் தொடங்கப்பட்ட பரமஹம்ச சபை அதையே தன் சேர்க்கைச் சடங்காக ஆக்கிக்கொண்டது: கிறித்தவர் சுட்ட ரொட்டித்துண்டு ஒன்றைத் தின்று, முஸ்லிம் கையால் நீர் அருந்தியவரே உறுப்பினர். தாதோபா பாண்டுரங் போன்ற கல்வியாளர்கள் அதில் இருந்தார்கள். 1860இல் உறுப்பினர் பட்டியல் திருடப்பட்டு வெளியே கசிந்தது, சபை கலைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்தும் அச்சம் தணியவில்லை. 1890இல் புணேயின் பஞ்ச் ஹௌத் மிஷனில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கப்பட்ட கூட்டத்துக்குச் சென்றதற்காக ரானடேயும் திலகரும் உள்ளிட்டோர் மீது சாதி விசாரணை நடந்தது. ரானடே இறுதியில் பிராயச்சித்தத்துக்கு உடன்பட்டார். நீதிபதி ஒருவரைப் பணியவைக்க ஒரு கோப்பைத் தேநீர் போதுமானதாக இருந்தது.

அந்தப் பம்பாயின் பெயரைத்தான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்பண்டம் சுமக்கிறது: 'பம்பாய் டோஸ்ட்'. ஆங்கிலேயர் பிரான்சைச் சுட்டியதுபோல் தெற்கு பம்பாயைச் சுட்டுகிறது. ரொட்டி மீதான விலக்கு இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. அது முட்டைக்கு இடம்மாறியிருக்கிறது. 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை மறுக்கப்பட்டபோதும், 2021இல் கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வழங்க மடங்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் வழக்கு பழையதுதான், பொருள் மட்டும் வேறு.

முட்டை நுழையாத வீடுகளிலும் பிரெஞ்சு டோஸ்ட் உண்டு. காரம் விரும்புவோர் கடலைமாவைக் கரைத்து அதில் தோய்க்கிறார்கள். இனிப்பு விரும்புவோர் பாலில் கஸ்டர்டு தூளைக் கலக்குகிறார்கள். சோளமாவின் கெட்டித்தன்மையும் மஞ்சள் நிறமும் முட்டை இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்துவிடுகின்றன. அத்தூளை 1837இல் பர்மிங்காமில் உருவாக்கியவர் ஆல்பிரட் பேர்டு என்னும் மருந்து வணிகர். அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது.