டிம்பர்மேன் கட்டிய நட்சத்திரம்

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்த முதல் வீடு மூங்கில் தட்டி வீடு. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே காலூன்றிய பிறகு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் ஊர்ச் சேரிகளில் பண்ணை வேலையையும் பசியையும் உதறிவிட்டு வந்தவர்கள். அவர்களுக்காக வரிசை வரிசையாகக் குடிசைகள் எழும்பின, அந்த வரிசைகளைத்தான் லைன் என்போம். பிளந்த மூங்கிலைப் பின்னிச் சுவராக நிறுத்தி, அதன்மேல் மண் பூசிய குடிசைகள். மழையில் மண் கரையும், காற்றில் தட்டி விலகும். விலகியதைத் திருப்பிக் கட்டத் தெரியாத ஆள் எங்கள் லைன்களில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தங்கவயலின் கிறிஸ்துமஸ் என்றாலே வெள்ளைக்காரர் விட்டுப்போனது, ‘குட்டி இங்கிலாந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். பங்களாக்கள், 1885இல் தொடங்கிய கிளப், நடனம், கேக் என்று அந்தக் கதை நீளும். அது பொய்யில்லை. ஆனால் டிசம்பரில் லைன் முழுக்கத் தொங்கிய நட்சத்திரங்கள் அந்த பங்களாக்களிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. தட்டி கட்டிய கைகள் கட்டியவை அவை. நான் இங்குள்ள சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் ஒரு டிம்பர்மேனின் மகளாகப் பிறந்து, பிறகு பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள். இந்த வேறுபாட்டை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

பங்களாக் கிறிஸ்துமஸும் அப்படியொன்றும் பழையதல்ல. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் மரம் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்ததே, விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான். அடுத்த முப்பது ஆண்டுகளில் இங்கே சுரங்கம் தொடங்கிவிட்டது. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் கேப்டன்களுக்கு மரத்தைவிடப் பாட்டுதான் முக்கியம். அவர்களுடைய ஊர்க்காரர்கள் தென் ஆஸ்திரேலியாவின் மூண்டாவுக்கும் கலிபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் போனபோதும் கேரல்களைத்தான் கையோடு கொண்டுபோனார்கள். பனிநாட்டு மரம் இங்கே ஏது? சவுக்குக் கிளையை வெட்டி வாளி மண்ணில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவினார்கள். அந்த வழக்கம் மட்டும் லைனுக்கும் வந்தது. சவுக்கின் மெல்லிய ஊசிகளில் பஞ்சு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்குச் சுரங்கத்தில் டிம்பரிங் வேலை. தங்கப்பாறையை வெட்டி எடுத்த இடத்தில் மேல்பாறை இறங்கிவிடாதபடி மரத்தால் முட்டுக்கொடுப்பது. டிசம்பர் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடை முடையும் மேதரக்காரர்களிடம் ஒரு மூங்கில் வாங்கி வருவார். கணுவுக்குக் கணு கத்தியை வைத்துத் தட்டிப் பிளப்பார். பச்சை மூங்கிலாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் காயவைப்பார். காயாத மூங்கில் பின்னால் வளைந்து தாளைக் கிழித்துவிடும். இரண்டரை அடி நீளத்தில் பத்துப் பிளாச்சுகள், ஒரு சாண் நீளத்தில் ஐந்து துண்டுகள். ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவுதான்.

ஐந்து பிளாச்சுகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போட்டால் ஐந்து முனையுள்ள ஒரு சட்டம் வரும். பிளாச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மட்டும் அடுக்காமல், ஒன்றில் மேலே போனது அடுத்ததில் கீழே போகும்படி விட்டால் சட்டம் தானே இறுகிக்கொள்ளும். அப்படி இரண்டு சட்டங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சணலால் கட்டவேண்டும். இதுவரை அது தட்டையாகத்தான் இருக்கும். பிறகு, நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும், இரண்டு சட்டங்களுக்கும் இடையே அந்தச் சாண் துண்டுகளை நிமிர்த்தி நுழைக்கவேண்டும். நுழைத்ததும் நட்சத்திரத்துக்கு வயிறு வந்துவிடும். மூங்கில் வெளியே தள்ளும், முனைக்கட்டு உள்ளே இழுக்கும். அந்த இழுபறியில்தான் அது நிற்கிறது. சுரங்கத்துக்குள் மேல்பாறைக்கும் கீழ்பாறைக்கும் நடுவே அப்பா நிறுத்திய முட்டு மாதிரியே இருக்கும் அந்தச் சாண் துண்டு. “இஸ்துக் கட்டும்மா. ஆடுச்சுன்னா மேல தாள் நிக்காது” என்பார் அப்பா. கட்டு சரியா என்று ஒவ்வொரு முனையையும் விரலால் சுண்டிப் பார்ப்பார்.

பசை மைதாவில் காய்ச்சுவது. இறக்கும் முன் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம், கரப்பானும் பூச்சியும் அரிக்காமல் இருக்க. துத்தம் விஷம் என்பதால் அதற்கென்று ஒரு பழைய தகர டப்பா தனியாக இருந்தது. அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. தாள் பட்டம் செய்கிற மெல்லிய கலர் தாள். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மார்கழிப் பனி கொட்டும். மெல்லிய தாள் விடிவதற்குள் நனைந்து தொய்ந்துவிடும். அதனால் கூரை இறவாணத்துக்கு உள்ளே தள்ளித்தான் தொங்கவிடுவோம். பின்னாளில் கண்ணாடித் தாள் வந்ததும் அந்தக் கவலை குறைந்தது. ஆனால் கலர் தாளில் விளக்கு பரவி நிற்கும் அழகு கண்ணாடித் தாளில் இல்லை, அது வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறது. இது என் உறுதியான கருத்து.

ஓரங்களுக்கு ஜிகினாத் தாள் ஒட்டுவோம். அதற்குக் காசு இல்லாத வருடம் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளும், மளிகைக் கடைக்கு டீத்தூள் வந்த மரப்பெட்டியின் உட்புறத் தகடுத்தாளும் உதவும். டீப்பெட்டித் தகடு கசங்கி வரும். கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் பளபளவென்று நிமிர்ந்துவிடும். சுரங்கத்தின் வாயிலில் ஆட்களைத் தலைமுதல் கால்வரை சோதித்து அனுப்பிய ஊர் இது. தங்கக் கல்லின் துணுக்கு ஒன்று கையிலிருந்தாலும் குற்றம் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மைசூர் சமஸ்தானம் சட்டம் போட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டு மினுமினுப்பெல்லாம் மளிகைக் கடையிலிருந்து வந்தது.

தொங்கவிடுவதிலும் ஒரு விஷயம் இருந்தது. நட்சத்திரத்தை ஆணியில் அறைந்து நிறுத்தமாட்டார்கள், கம்பியில் கொக்கி போட்டு ஆடவிடுவார்கள். பூமிக்குள் பாறை வெடித்தால், பர்ஸ்ட் என்போம், மேலே வீடு குலுங்கும், பாத்திரம் உருளும். இறுக்கமாக அறைந்திருந்தால் தாள் கிழியும். கொக்கியில் இருந்தால் ஆடி நிற்கும். பர்ஸ்ட் கேட்டதும் பெண்கள் நட்சத்திரத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எந்த ஷாஃப்ட், எந்த ஷிப்டு என்று வாசலுக்கு ஓடுவார்கள்.

காகித நட்சத்திரத்துக்கு ஐரோப்பாவிலும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியத் திருச்சபைப் பள்ளியில், வடிவகணிதப் பாடமாகச் செய்யத் தொடங்கியது அது. இருபதுக்கும் மேற்பட்ட முனைகள், எலும்புக்கூடு கிடையாது, கூம்பு கூம்பாகத் தாளை மடித்து ஒட்டுவது. மொராவியர்கள் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார்கள், 1760இல் தரங்கம்பாடிக்கு. ஆனால் அந்த நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் இங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். எங்களுடையதின் உறவுக்காரர்களை நான் வேறு இடத்தில் தேடுகிறேன். தீபாவளிக்குக் கன்னடக்காரர்கள் வாசலில் ஏற்றும் ஆகாசபுட்டி, இலங்கையில் புத்தர் திருநாளுக்குக் கட்டும் வெசாக் கூடு, நம் பிள்ளைகள் விடும் பட்டம். எல்லாவற்றிலும் அதே மூங்கில் எலும்பு, அதே மெல்லிய தாள், அதே பசை. பெத்லகேமின் விண்மீன் வேதத்திலிருந்து வந்தது, அதைக் கட்டும் முறை இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் எங்கள் லைனில் இந்துக் குடும்பத்துப் பையன்களும் பௌத்தக் குடும்பத்துப் பையன்களும் எங்களைவிட நன்றாகக் கட்டினார்கள். பட்டம் கட்டத் தெரிந்தவனுக்கு நட்சத்திரம் கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விளக்கு விஷயத்தில் தங்கவயலுக்குத் தனிப் பெருமை உண்டு. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது எந்திரங்களுக்காக. என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்குதான். நட்சத்திரத்துக்குள் மெழுகுவத்தி. ஒரு தகர மூடியை அடியிலுள்ள சாண் துண்டில் கம்பியால் கட்டி அதில் நிறுத்துவோம், மேல் முனைக்குக் கீழே புகை போக ஓட்டை விடுவோம். மெழுகுவத்தி எரியும்வரை ஒருவர் காவல் இருக்கவேண்டும். பிறகு ஜீரோ வாட் பல்பு வந்தது, காவல் வேலை போயிற்று.

குடில் அம்மாவின் பொறுப்பு. இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223இல் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் குடில் அமைத்ததாகக் கோயிலில் சாமியார் சொல்வார். அம்மாவுக்கு வைக்கோலைவிடப் பச்சைதான் பிடிக்கும். கோலார் சீமை கேழ்வரகுச் சீமை. அறுவடை முடிந்து புதுக் கேழ்வரகு வருவதும் கிறிஸ்துமஸ் வருவதும் ஒன்றாக அமையும். இருபத்தைந்தாம் தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, சிரட்டைகளிலும் உடைந்த சட்டிகளிலும் மண்போட்டுத் தூவுவாள். முளைப்பாரிபோல இருட்டில் வைக்கக்கூடாது, வெளுத்துவிடும். சன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்கு விரல் உயரப் பசும்புல் தயார். இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா, மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பவர்.

மலைக்குக் கோணியைக் கஞ்சியில் நனைத்து, மடித்து, காயவைப்பது. நிலத்துக்கு மட்டும் சயனைடு மேட்டின் மண்ணை அள்ளி வந்தோம். பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம் அது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் மலை மலையாகக் குவிந்து நிற்கிறது. சலித்த மாவுபோல மிக நைசாக இருக்கும், பெத்லகேம் பாலைவனத்துக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது. ஆனால் அது நுண்ணிய சிலிக்காத் தூசி, நுரையீரலுக்கு ஆகாதது. என்னிடம் குடில் கட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை அதைத் தொடவிட்டதில்லை. மரத்தூளில் சாயம் கலந்து கொடுத்தேன்.

பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபின் இதே வேலைகளை வகுப்பறைக்குக் கொண்டுபோனேன். கல்யாணப் பத்திரிகைகளைப்போல அருமையான பொருள் வேறில்லை. கெட்டித் தாள், பொன்னிற அச்சு, காசும் கிடையாது. ஒரு பத்திரிகையில் நான்கு சின்ன நட்சத்திரம் வெட்டலாம். பழைய காலண்டர் தாளைக் கீற்றாக வெட்டி வளையம் கோத்தால் கூரைக்குச் சங்கிலி. 1964இல் எந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். நிறுவனம் தொடங்கியபின், அங்கே வேலைக்குப் போன எங்கள் லைன் ஆட்கள் தங்கள் பகுதியில் தொங்கவிட என்று வீட்டிலிருந்து மூங்கில் நட்சத்திரம் கட்டி எடுத்துப்போனது எனக்குத் தெரியும். ஆயுதபூசைக்கு எந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டிய அதே கைகள்தான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அந்த வருட டிசம்பரில் எங்கள் லைனில் நட்சத்திரம் குறையவில்லை. ஜிகினா வாங்கத்தான் காசில்லை. டீப்பெட்டித் தகடு காலத்து வித்தைகளைப் பெரியவர்கள் மறுபடி வெளியே எடுத்தார்கள். குறைந்தது பிறகுதான், இளைஞர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபின். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இருட்டியபின் இறங்குகிறவர்களுக்கு மூங்கில் பிளக்க நேரம் ஏது? சிவாஜிநகர் கடையில் மடித்து வைக்கும் அட்டை நட்சத்திரமும் பிளாஸ்டிக் நட்சத்திரமும் கிடைக்கின்றன. வாங்குகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆனாலும் கேட்டுவருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். போன வருடம் எங்கள் லைனிலிருந்து பெங்களூரில் ஓர் அலுவலகத்துக்குப் போகும் பெண் வந்தாள். ஆபீஸில் மாட்டவேண்டும், ஆனால் ரயில் கூட்டத்தில் நட்சத்திரம் நசுங்கிவிடுமே டீச்சர் என்றாள். அதற்கு வழி அப்பா கட்டும் முறையிலேயே இருக்கிறது. ஒன்றரை அடிப் பிளாச்சில் கட்டி, முன்னும் பின்னும் தாள் ஒட்டிக் காயவைத்து, சாண் துண்டுகளை நுழைக்காமல் விட்டால் அது தட்டையாகவே இருக்கும். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஐந்து துண்டும் பக்கவாட்டுத் தாள் கீற்றும் சாப்பாட்டுப் பையில். மேசைமேல் வைத்துத் துண்டுகளை நுழைத்து, ஓரங்களை ஒட்டி, உள்ளே சின்ன எல்.இ.டி. சரம் விட்டுச் சன்னலில் மாட்டியிருக்கிறாள். கூட வேலை செய்யும் கன்னடப் பெண் ஒருத்தி, அதே அளவில் தீபாவளிக்கு ஓர் ஆகாசபுட்டி கட்டமுடியுமா என்று கேட்டனுப்பினாள். கட்டலாம். சட்டம் ஐந்து முனைக்குப் பதில் எட்டுப்பட்டையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். மூங்கிலை முன்கூட்டியே வாங்கி நிழலில் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன்.