மியூரன் பனிச்சறுக்குப் போட்டி, 1931

ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகப் போட்டி 1931 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் மியூரன் என்னும் மலையூரில் நடைபெற்றது. அதை முன்னின்று நடத்திய ஆங்கிலேயர் ஆர்னால்டு லன், பனியே விழாத சென்னையில் 1888-இல் பிறந்தவர். தந்தை ஹென்றி லன் மெதடிஸ்ட் திருச்சபையின் மருத்துவ மறைப்பணியாளர். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் சிலாலம் போட்டியில் முன்பு சறுக்கும் அழகுக்கே மதிப்பெண் தரப்பட்டது. 1922-இல் மியூரனில் லன் இணை இணையாகக் கொடிகளை நட்டு, விரைவில் இறங்கி முடிப்பவரே வென்றவர் என்று மாற்றினார். நெடுந்தொலைவு ஓட்டமும் தாவலுமே உண்மையான பனிச்சறுக்கு என்றிருந்த நோர்வே முதலிய நாடுகள் இதை எளிதில் ஏற்கவில்லை. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1930-இல்தான் இசைந்தது. மியூரனில் பெண்களும் போட்டியிட்டனர். பிரித்தானியாவின் எஸ்மே மெக்கின்னன் மலையிறக்கம், சிலாலம் இரண்டிலும் முதலிடம் பெற்றார். ஒலிம்பிக் பனிச்சறுக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1936-இல்தான்.