மணி பார்க்க நேரமில்லை

ஊட்டி என்றால் பலருக்கும் வர்க்கியும் மலை ரயிலும். கருவிகளுக்கு நிரல் எழுதும் எனக்கு அங்கே ஒரு கடிகாரக் கதைதான் பெரிசு.

காஸ்மிக் கதிர் காற்றில் மோதினால் துகள்மழை பொழியும். அதை ஆராய டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் 1950களிலேயே மேகக் கலங்களோடு நீலகிரி ஏறிவிட்டார்கள். இன்று அங்கே நடக்கும் சோதனையின் பெயர் கிரேப்ஸ்-3. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், 8 மீட்டர் இடைவெளியில், துகள் பட்டால் மினுக்கென ஒளிவிடும் சுமார் 400 கருவிகள்.

மழை எந்தத் திசையிலிருந்து வந்தது? எந்தக் கருவி முதலில் மினுக்கியது என்பதை வைத்துத்தான் கணக்கு. அடுத்தடுத்த இரண்டு கருவிகளுக்கு நடுவே ஒளி கடக்க 27 நானோநொடி போதும். அந்த இரண்டை மட்டும் நம்பினால், 1 நானோநொடி பிசகு திசையை 2 டிகிரிக்கு மேலேயே தள்ளிவிடும்.

கணினிக்கு வருவோம். கருவி "இங்க பாரு" என்று குறுக்கிடுவதுதான் இன்டரப்ட். செய்த வேலையை ஓரங்கட்டிவிட்டு, ஹேண்ட்லர் என்ற சிறு நிரல் ஓடிவரும். வந்துசேரவே சில மைக்ரோநொடி ஆகலாம். ஒரு மைக்ரோநொடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். ஹேண்ட்லர் மணி பார்க்கும்போது மழை விட்டுத் தரையே காய்ந்திருக்கும். அதனால் நேரத்தைக் குறிக்கும் வேலை டிடிசி என்ற மின்சுற்றுக்கு. கணினி அப்புறம் நிதானமாக வாசித்துக்கொள்ளலாம்.

மைக்ரோநொடி துல்லியமே போதும் என்றாலும் ஆபத்து தீராது. லினக்ஸ் தன் கடிகாரத்தைத் திருத்தும்போது, வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். திருத்துகிறவரையே பாதியில் நிறுத்திவிட்டு வந்த ஹேண்ட்லர் காத்திருந்தால்? இவர் போகாமல் அவர் முடிக்க முடியாது. அவர் முடிக்காமல் இவர் போக முடியாது. கணினி உறைந்துவிடும். என்எம்ஐ என்ற, யாராலும் தடுக்க முடியாத இன்டரப்டில் இது நிஜமான பயம். 2014-ல் தாமஸ் கிளைக்ஸ்னர் இதற்கு ஒரு வழி செய்தார்: கடிகார விவரத்துக்கு இரண்டு பிரதிகள். ஒன்றைத் திருத்தும்போது மற்றதை வாசி. நேரம் துளி பின்னே போகலாம், உறைதல் இல்லை.

அதே 2014-ன் டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் நின்றது. கிரேப்ஸ்-3-ல் மியூவான் துகள்களின் எண்ணிக்கை சற்றே சரிந்தது. அந்தப் பதிவிலிருந்து, மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று 2019-ல் அறிவித்தார்கள். மேகம் அன்றைக்கே கலைந்துவிட்டது. எப்போது, எந்தப் பக்கம் சரிந்தது என்ற குறிப்பு மட்டும்தான் நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது.