கோயில் மண்டபத்தில் படிப்பு

அந்தக் காலத்தில தோட்டத்து லயத்தில நாங்க தனித்தனியாத்தான் படிச்சோம். அப்பா அம்மா விடியக்காலையில பால்மரம் வெட்டப் போயிடுவாங்க; கணக்குல சந்தேகம்னா கேட்க ஆள் கிடையாது. எஸ்.பி.எம்.மோட நின்னுட்டோம்.

1982-ல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே வந்து பாடம் எடுத்தாங்க. அங்க படிச்சவங்க திரும்பி வந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் கூட்டமாத்தான் போனாங்க.

இப்ப புக்கிட் செலம்பாவ்ல நம்ம மண்டபத்திலயும் சனிக்கிழமை பிள்ளைங்க கூடுறாங்க. போன வாரம் ஒரு பையன் “நான் மக்கு”ன்னு அழுதான். பக்கத்து அக்கா தன் பழைய கணக்கு நோட்டைக் காட்டினா, பக்கமெல்லாம் சிவப்பு மை. பையன் சிரிச்சுட்டான்.

கணக்குக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். யாராவது வாங்க.