சாவி யார் கையில்? சத்துணவுக் கூடமும் சாதியும்

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு எனப் பள்ளி உணவின் வரலாறு பசி தீர்த்த வரலாறாகவே எழுதப்படுகிறது. யாருக்கு எந்த வேலை கிடைத்தது என்ற கோணத்திலும் அதை நாம் வாசிக்க வேண்டும்.

சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பதவிகள். சமையலர் அடுப்படியில் நிற்கிறார். இருப்பு அறையின் சாவியும் பதிவேடும் அமைப்பாளரிடம். எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எவ்வளவு அரிசி, பருப்பு, முட்டை செலவானது என்று கணக்கு எழுதுபவர் அவர். ஊருக்குள் அது ஒரு நிர்வாகப் பதவி.

2004 ஏப்ரல் 20 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. தீட்டு குடியிருக்கும் இடம் அடுப்பு. ஆணை அதைச் சரியாகத் தொட்டது. எதிர்ப்பும் அங்கேதான் வெடித்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியப் பெண் சமையலராக வந்தபோது, ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது.

நம் திருவண்ணாமலையைப் பாருங்கள். தீபத்தன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம். அந்தக் கூட்டத்தில் பரிமாறுகிறவரின் சாதி தெரியாது; வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் எல்லோர் சாதியும் தெரியும். அதனால்தான் இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30 அன்று, காவல் பாதுகாப்போடு நம் மக்கள் கோயிலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுக்கு ஒரு நாளைக் குறிக்கலாம். பள்ளிச் சமையலறையில் அந்த நுழைவு தினமும் நடந்தாக வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2004 ஆணையின் முன்னுரிமை அமைப்பாளர் பதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கரண்டியைப் பிடிக்க முன்னுரிமை வந்தது. சாவி அதற்குள் வரவில்லை. நம் பெண்கள் பலர், தகுதி இருந்தும், “அமைப்பாளர் வேலையெல்லாம் நமக்குத் தருவாங்களா?” என்று கேட்டுவிட்டு உதவியாளர் வேலைக்கே மனுப் போடுகிறார்கள். மேல்படி நமக்கில்லை என்று நம்மையே நம்பவைப்பதுதான் சாதியின் படிநிலை செய்கிற வேலை.

மாணவத் தோழர்களே, அடுத்த அறிவிப்பு வரும்போது உங்கள் தெருவில் தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணும் அமைப்பாளர் பதவிக்கு மனுப் போடும்படி உடன் நில்லுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இனச்சுழற்சிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊர்வாரியாக எழுதுங்கள். நாம் எழுத வேண்டிய வரலாறு அந்தப் பட்டியலில் இருக்கிறது.