சாளரச் சட்டத்தின் கதை

காற்று வரும் வழியைக் காலதர் என்றனர் நம் முன்னோர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தார் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும், காற்றின் கண் எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் வழிவந்ததே. கணிப்பொறித் திரையில் தோன்றும் கட்டத்தையும் இன்று சாளரம் என்கிறோம். அதில் காற்று வருவதில்லை; ஆயினும் அதற்கும் சட்டம் உண்டு, அச்சட்டத்தைப் பொழுதுபோக்காக அழகு செய்வோரும் உண்டு. அவர்தம் கைவேலையின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1984ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மாக்கின்டாஷ் பொறியை வெளியிட்டது. அதன் சின்னங்களைச் சூசன் கேர் அம்மையார் கட்டமிட்ட தாளில் வரைந்து பார்த்து ஆக்கினார். அழகிய வேலைதான், ஆனால் அவர் வரைந்ததே எல்லார்க்கும் வாய்த்தது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'எக்ஸ்' என்னும் சாளர முறை உருவாயிற்று. அதனை ஆக்கியோர் சாளரம் இயங்கும் வழியை மட்டும் வகுத்தனர்; சட்டத்தின் தோற்றத்தைச் சாளர மேலாளர் என்னும் வேறொரு நிரலிடம் விட்டுவிட்டனர். பொழுதுபோக்காளர்க்குக் கதவு திறந்தது அங்கேதான்.

1996இல் தொடங்கிய 'எக்ஸ்எஃப்சிஈ' என்னும் மேசைத்தளத்தில் இவ்வேலையை எளிதில் காணலாம். சட்டத்தை நான்கு மூலை, பக்கங்கள், அடி, தலைப்புப் பட்டை, பொத்தான்கள் எனத் துண்டுதுண்டாக வரைவர். ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு கோப்பு. அதனுள்ளே வரிவரியாக எழுத்துகள். எழுத்துக்கு ஒரு நிறம். நூலெண்ணித் தைக்கும் பூவேலையே நினைவுக்கு வரும். மூலைகள் அளவு மாறா. பட்டையும் பக்கங்களுமோ சாளரம் விரியுந்தோறும் திரும்பத் திரும்ப அடுக்கப்பெறும். நாமும் தேக்குச் சட்டம் ஒன்றை வரைய முயன்றோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. மரவரி சேருமிடத்தில் வெட்டு மட்டும் மறையவில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1995இல் 'பிளஸ்' என்னும் தொகுப்பில் ஆயத்த ஒப்பனைகளை விற்றனர். 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்போ, அந்நிறுவனம் ஒப்பமிட்ட ஒப்பனைகளையே ஏற்றது. ஆர்வலர்கள் அமைப்பின் கோப்பொன்றைத் திருத்தி அத்தடையைக் கடந்தனர்.

பின்னர்த் தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2013இல் 'குனோம்' மேசைத்தளத்தின் நிரல்கள் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்ளும் முறையை மேற்கொண்டன. மேலாளர் தீட்டிய சட்டத்திற்கு அங்கே இடமில்லாது போயிற்று. 2019இல் அத்தளத்திற்கு நிரல் எழுதுவோர் பலர், தம் நிரல்களுக்குப் பிறர் ஒப்பனை பூட்டி வழங்கலாகாது என்று பகிரங்கக் கடிதமே விடுத்தனர். நிறம் மாறினால் எழுத்து மங்குகிறது, பழியோ எம்மை வந்து சேர்கிறது என்பது அவர் வழக்கு. தாமே தம் பொறியில் மாற்றிக்கொள்வோரைத் தடுப்பது தம் நோக்கமன்று என்றும் அவர்கள் கூறினர்.

வெளி மாநிலத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்கு இவ்வழக்கு விளங்காததன்று. சுவரில் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்கிறோம். நிரலெழுதுவோர் குறையில் உண்மை உண்டு. எனினும் திரை அதன்முன் அமர்ந்திருப்பவனுடையது என்றே நாம் கருதுகிறோம்.

எக்ஸ்எஃப்சிஈ குழுவினரும் 2020இல் தம் அமைப்புப் பெட்டிகளில் அப்புதுமுறையைப் புகுத்தினர். முணுமுணுப்பு எழுந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பதிப்பில், அது வேண்டாதார் விலக்கிக்கொள்ள ஒரு வழியும் வைத்தனர்.