"எல்லோரும்தானே செய்தார்கள்?" – ஒரு கல்லூரி அணிக்குக் கிடைத்த மரண தண்டனை

2008-ல் கம்பெனி வேலையாகச் சில மாதங்கள் டல்லாஸில் இருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அமெரிக்கர் நாற்பதைத் தாண்டியவர். அவர் மேசையில் ஒரு குட்டிக் குதிரை பொம்மை இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்த்தாலே சனிக்கிழமை அவருடைய கல்லூரி அணி தோற்றது தெரிந்துவிடும். அந்த வருஷம் அந்த அணி 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்தது. "உங்க டீம் எப்பவுமே இப்படித்தானா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எங்களைக் கொன்னுட்டாங்க" என்றார். 1987-ல் அவர் அங்கே மாணவர்.

அன்று அவர் சொன்ன கதையைப் பிறகு பல வருஷங்கள் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, தவறு செய்த அணியைவிட அதன் ரசிகர்கள்தான் எனக்குப் பெரிய புதிராக இருந்தார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கே கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அணி, சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டி. சுருக்கமாக எஸ்எம்யூ. டல்லாஸில் இருக்கும் சிறிய, செலவு பிடிக்கும் தனியார் பல்கலைக்கழகம். அது ஆடிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீகில் அர்கன்சாவைத் தவிர மற்ற எல்லாமே டெக்சாஸ் கல்லூரிகள். இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பார்கள். சனிக்கிழமை தோற்றால் திங்கட்கிழமை முழுக்கக் கிண்டல்தான். எண்ணெய்ப் பணம் கொழித்த காலம் அது. கிண்டலைத் தாங்க முடியாதவர்கள் கையில் காசும் இருந்தது.

அப்போதைய விதிப்படி கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் இவற்றுக்கான உதவித்தொகை மட்டும்தான் உண்டு. சம்பளம், பரிசு, கார் எதுவும் கூடாது. இதைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு என்சிஏஏ. விதியை மீறியவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஊழியர்கள் இல்லை, 'பூஸ்டர்' என்று அழைக்கப்பட்ட பணக்கார ஆதரவாளர்கள். யார் இந்த பூஸ்டர்கள்? பழைய மாணவர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். சுருக்கமாகச் சொன்னால், காசு இருக்கும் ரசிகர்கள். இதை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

எரிக் டிக்கர்சன், கிரேக் ஜேம்ஸ் என்ற இரண்டு ஓட்டக்காரர்கள் 1979-ல் எஸ்எம்யூவில் சேர்ந்தார்கள். 'போனி எக்ஸ்பிரஸ்' என்று ஊரே அவர்களைக் கொண்டாடியது. 1982-ல் அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 11 வெற்றி, ஒரு டிரா, தேசிய அளவில் இரண்டாம் இடம். இந்தக் கொண்டாட்டத்துக்குப் பக்கத்திலேயே தண்டனைகளும் வந்துகொண்டிருந்தன. 1974, 1976, 1981, 1985 என்று எஸ்எம்யூ திரும்பத் திரும்பப் பிடிபட்டது. 1985-ல் 45 உதவித்தொகை இடங்கள் பறிபோயின. இரண்டு வருஷம் பருவ இறுதி 'பௌல்' ஆட்டங்களுக்கும் தடை.

அதே 1985-ல் என்சிஏஏ ஒரு புது விதி கொண்டுவந்தது. ஐந்து வருஷத்துக்குள் இரண்டாம் முறை பெரிய தவறு செய்து மாட்டினால் அணியையே நிறுத்தி வைக்கலாம். பத்திரிகைகள் வைத்த பெயர் 'மரண தண்டனை'.

1986 நவம்பரில் டேவிட் ஸ்டான்லி என்ற முன்னாள் ஆட்டக்காரர் டல்லாஸின் டபிள்யூஎஃப்ஏஏ தொலைக்காட்சியில் பேசினார். அணியில் சேர 25,000 டாலர் வாங்கியதாகவும், பிறகு மாதாமாதம் பணம் வந்ததாகவும் சொன்னார். நிருபர் டேல் ஹான்சன், பணம் வந்ததாகச் சொல்லப்பட்ட உறை ஒன்றைக் கல்லூரி விளையாட்டுத் துறை அதிகாரியிடமே காட்டி, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். கேமரா முன்னால் அவர் தடுமாறியது வீடு வீடாகத் தெரிந்தது.

ரசிகர்களின் முதல் பதில், ஸ்டான்லியை நம்ப முடியாது என்பது. அவர் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர், அணியிலிருந்து விலக்கப்பட்ட கோபத்தில் பேசுகிறார் என்றார்கள். இரண்டாவது, பத்திரிகைகள் மேல் பாய்ச்சல். டல்லாஸில் அப்போது இரண்டு பெரிய நாளிதழ்கள் கடும் போட்டியில் இருந்தன. விற்பனைக்காக எங்களை அழிக்கிறார்கள் என்றார்கள். மூன்றாவது பதில்தான் இன்றுவரை நிற்கிறது: "எல்லோரும்தானே செய்தார்கள்? எங்களை மட்டும் ஏன்?"

இதில் உண்மை இல்லாமல் இல்லை. டெக்சாஸ் கிறிஸ்டியன், ஹூஸ்டன், டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று அதே லீகின் மற்ற கல்லூரிகளும் அந்தப் பத்தாண்டிலேயே தண்டனை வாங்கின. டிக்கர்சன் பள்ளியில் படிக்கும்போது ஓட்டிய டிரான்ஸ் ஆம் கார் யார் வாங்கிக் கொடுத்தது என்பது டெக்சாஸில் பல வருஷம் ஓடிய கேள்வி. பாட்டி வாங்கித் தந்தது என்றே அவர் சொல்லிவந்தார். 2022-ல் வந்த தன்வரலாற்றில், அது ஏ அண்ட் எம் ஆதரவாளர் ஒருவரின் ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டார். காசு ஒரு கல்லூரிக்காரர் கொடுத்தது, பையன் சேர்ந்தது இன்னொரு கல்லூரியில்! ஆக, 'எல்லோரும்' என்பது வெறும் சால்ஜாப்பு இல்லை.

ஆனால் ரசிகர்கள் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. 1985 தண்டனைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் அது. பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று வெளியே உறுதி சொல்லிக்கொண்டே, 13 ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் கொடுக்கப்பட்டது. இது யாரோ ஒரு பூஸ்டரின் தனி வேலை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1987 மார்ச் தொடக்கத்தில் பில் கிளெமென்ட்ஸ் வாயைத் திறந்தார். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தவர். அப்போது டெக்சாஸ் மாநில ஆளுநர். ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்களுக்குப் பணத்தை உடனே நிறுத்தாமல், அவர்கள் படித்து முடித்துப் போகும்வரை கொடுத்துத் தீர்ப்போம் என்று குழுவில் சிலர் சேர்ந்து முடிவெடுத்ததாகச் சொன்னார். முன்பே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டபோது, அந்த அறையில் பைபிள் இல்லையே என்பதுபோலப் பதில் சொன்னார். மெதடிஸ்ட் திருச்சபை ஆரம்பித்த கல்லூரி அது!

அதற்கு ஒரு வாரம் முன்பே, 1987 பிப்ரவரி 25 அன்று, தீர்ப்பு வந்துவிட்டது. 1987 பருவம் முழுக்க ரத்து. 1988-ல் சொந்த ஊரில் ஒரு ஆட்டமும் கிடையாது. அறிவிப்பை வெளியிட்ட என்சிஏஏ அதிகாரி டேவிட் பெர்ஸ்ட் அந்தக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தார். கொஞ்ச நாளில் 1988 பருவத்தையும் கல்லூரியே ரத்து செய்தது. ஆட்டக்காரர்கள் வேறு எங்கு வேண்டுமானாலும் போய் உடனே ஆடலாம் என்று அனுமதி வந்ததும், நாடு முழுக்க இருந்து பயிற்சியாளர்கள் வளாகத்துக்குள் வந்து குவிந்தார்கள். ஏலக்கடை மாதிரிதான் இருந்தது என்று என் நண்பர் சொன்னார்.

இந்தத் தண்டனை யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். திட்டம் போட்ட பெரியவர்கள் மேல் இல்லை. கிளெமென்ட்ஸ் தன் பதவிக்காலம் முழுக்க ஆளுநராகவே இருந்தார். ஒரு பைசா வாங்காத பையன்களும் பெட்டியைக் கட்டினார்கள். 1989-ல் அணி திரும்பி வந்தபோது பெரும்பாலும் முதல் வருஷப் பசங்கள். அந்த வருஷம் ஹூஸ்டன் அவர்களை 95–21 என்று அடித்து நொறுக்கியது. 1984 டிசம்பரில் ஹவாயில் ஒரு பௌல் ஆட்டத்தில் ஜெயித்த அணி, அடுத்த பௌல் ஆட்டத்துக்குப் போனது 2009 டிசம்பரில், அதே ஹவாயில். நடுவில் 25 வருஷம். அதற்குள் அந்த லீகே 1996-ல் கலைந்துபோனது. அதன்பிறகு எந்தப் பெரிய கால்பந்து அணிக்கும் என்சிஏஏ இந்தத் தண்டனையைக் கொடுத்ததில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எஸ்எம்யூ 2024-ல் பெரிய லீக் ஒன்றில் நுழைந்து, அந்த வருஷமே தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுக்கும் போனது. முதல் ஆட்டத்தில் பென் ஸ்டேட்டிடம் தோற்றது வேறு விஷயம். "பார்த்தாயா, நாங்க அன்னைக்கே சரியாத்தான் செஞ்சோம்" என்று நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அவர் சொன்னதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களுக்குக் காசு கூடாது என்ற விதி நியாயமானதே இல்லை. அந்தப் பையன்களை வைத்துக் கல்லூரி, தொலைக்காட்சி, பயிற்சியாளர் எல்லோரும் சம்பாதித்தார்கள். மீதிப் பாதியில்தான் எனக்குச் சிக்கல். அந்த விதியை மாற்றச் சொல்லி அந்தப் பெரியவர்கள் யாரும் போராடியதாக நான் எங்கும் படிக்கவில்லை. மறைத்தார்கள். மாட்டினார்கள். நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு மறுபடி மறைத்தார்கள். கடைசியில் விலையை அந்தப் பையன்கள் கொடுத்தார்கள். இன்று பணம் கொடுப்பது சட்டப்படி சரி என்பதால் அன்றைய பொய் சரியாகிவிடாது. தன் அணி மேல் இருக்கும் பாசத்தில் ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதையே கொஞ்சம் மென்மையாக அவருக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. அவருடைய விடுதியில் பக்கத்து அறையில் ஒரு ஆட்டக்காரர் இருந்தாராம். 1987-ல் வேறு மாநிலக் கல்லூரிக்குப் போனவர், அதற்குப் பிறகு இவர் அவரைப் பார்க்கவே இல்லையாம். "அவன் பணம் வாங்கினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தோணலை. அவன் போனது மட்டும் ஞாபகம் இருக்கு" என்று எழுதியிருந்தார். 'எல்லோரும்தானே' என்ற வார்த்தை அந்தத் தடவை அதில் இல்லை.